கம்பி வாங்கப் போன கதை

பாடற்குழு அலமாரியின் கீழ்த்தட்டில், கிழிந்த பாட்டுப் புத்தகங்களுக்கும் சலங்கை உதிர்ந்த ஒரு டாம்பரினுக்கும் பின்னால், ஒரு கிதார் நெடுங்காலமாகப் படுத்துக் கிடந்தது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறோம், யாரும் தொட்டதில்லை. அது பெரிய சிஸ்டருடையது. ஓய்வு பெற்று மடத்திலேயே தங்கியிருக்கும் அந்த முதிய சகோதரியைப் பள்ளியில் எல்லோரும் அப்படித்தான் அழைப்போம். பூசை தமிழில் நடக்கத் தொடங்கிய சில ஆண்டுகளில், தம் இளவயதில், அவர் ஊர் ஊராகச் சென்று அந்தக் கிதாரை மீட்டிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர். 1963-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, குழல் ஆர்கனுக்கு உயர்ந்த இடம் தந்துவிட்டு, திருச்சபை அதிகாரிகளின் இசைவோடு பிற இசைக்கருவிகளையும் வழிபாட்டில் சேர்க்கலாம் என்று கதவைத் திறந்தது. "அந்தக் கதவு வழியாத்தான் நானும் என் கிதாரும் உள்ளே வந்தோம்" என்று சிரிப்பார். இப்போது அவருடைய விரல் மூட்டுகள் வீங்கிப் போய், செபமாலை மணிகளை நகர்த்துவதே சிரமமாகிவிட்டது.

நவம்பர் மாதம் கல்லறைத் திருநாள் முடிந்த வாரத்தில் எங்கள் நால்வரையும் அவர் அழைத்தார். "கிறிஸ்துமஸ் விழாவில் இதை யாராவது வாசித்தால் ஒருமுறை கேட்டுவிடுவேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எங்களில் ஒருத்திக்கு அவள் அண்ணனுடைய கிதாரில் நான்கு கார்டுகள் தெரியும். மற்ற மூவருக்கும் அவளைத் தெரியும். அந்தப் பெரும் பொறுப்பை ஏற்க எங்களுக்கு இருந்த தகுதி இவ்வளவே!

உறையைத் திறந்து பார்த்தோம். ஆறு கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தன. மெல்லிய மூன்றும் எப்போதோ அறுந்து போயிருந்தன. எஞ்சியிருந்த தடித்த மூன்றும் கறுத்துக் கிடந்தன. துணியால் அழுத்தித் தேய்த்ததும் ஓரிடத்தில் வெள்ளி போல மின்னிற்று. "உலோகக் கம்பிதான்" என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் தலையாட்டினோம். பெரிய சிஸ்டரைக் கேட்டிருக்கலாம். அவரிடம் போய் நின்று, இதுகூடத் தெரியாமலா ஒப்புக்கொண்டீர்கள் என்ற கேள்வியை வாங்கிக் கொள்ள எங்களுக்கு வெட்கம். பின்னால் நடந்தவை அனைத்தும் இந்த வெட்கத்திலிருந்துதான் தொடங்கின.

நால்வரும் சேர்த்து வைத்திருந்த பணத்தை ஒரு கைக்குட்டையில் முடிந்துகொண்டு, ஒருத்தியின் அம்மா துணையுடன் பேருந்தேறிப் பெரிய ஊர் ஒன்றுக்குப் போனோம். கடையில் கம்பி கேட்டால், 'எந்தக் கம்பி?' என்று கேட்டார்கள். "நல்ல சத்தம் வரும் உலோகக் கம்பி" என்றோம். உறைகளை மேசை மேல் பரப்பினார்கள். ஒன்றில் 'எக்ஸ்ட்ரா லைட்', ஒன்றில் 'லைட்', ஒன்றில் 'மீடியம்' என்று அச்சிட்டிருந்தது. லைட் என்றால் மட்டமான சரக்கு என்று நாங்களாக முடிவு கட்டினோம். மீடியம் என்றால் நடுத்தரம். நடுவழியே நல்வழி அல்லவா? மீடியத்தையே வாங்கினோம். என்னே எங்கள் புத்திசாலித்தனம்! ஒலிக்கிதார் கம்பிகளில் அந்தப் பெயர்கள் மிகவும் ஏமாற்றுக்காரப் பெயர்கள் என்பதை அப்போது நாங்கள் அறியோம். மீடியம் என்பது வழக்கமாகக் கடையில் கிடைப்பவற்றில் ஏறக்குறைய மிகத் தடித்த செட். அதன் முதல் கம்பி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 13 பங்கு தடிமன். ஆறாவது கம்பி 56 பங்கு. லைட் என்பது 12-இல் தொடங்கும். எக்ஸ்ட்ரா லைட் 10-இல் தொடங்கும். எண் ஒன்றிரண்டுதானே மாறுகிறது என்று தோன்றும். விரலும் மரமும் அந்த ஒன்றிரண்டை எப்படி உணர்கின்றன என்பதைப் பிறகு சொல்கிறோம்.

உலோகக் கம்பியின் ஒரு நுனியில் சிறு பித்தளைக் குண்டு இருக்கும். வீணையில் குதிரை என்று சொல்வோமே, அதுபோலக் கிதாரிலும் கம்பிகளைத் தாங்கும் கட்டை ஒன்று உண்டு; பிரிட்ஜ் என்பார்கள். உலோகக் கம்பிக் கிதாரில் அந்தக் குண்டைக் குதிரையிலுள்ள துளைக்குள் இறக்கி, மேலே ஒரு முளையை அழுத்தி நிறுத்துவார்கள். எங்கள் கிதாரில் முளையே இல்லை. பக்கவாட்டில் சிறு துளைகள் மட்டும் இருந்தன. அப்போதாவது நின்று யோசித்திருக்க வேண்டும். நாங்களோ பின்புறமிருந்து கம்பியை நுழைத்து, குண்டு துளையில் தடுத்து நிற்பதைக் கண்டு, "ஆகா, பொருந்திவிட்டது!" என்று கைதட்டினோம். ஆர்மோனியத்தை வைத்து ஒவ்வொரு கம்பியாகச் சுருதி சேர்த்தோம். முறுக்காணிகள் முனகின. ஒருவழியாக ஆறும் சேர்ந்து, ஒருமுறை மீட்டியபோது ஓசை தாழ்வாரம் முழுதும் கேட்டது. பெருமிதத்தோடு அலமாரியைப் பூட்டினோம்.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்பு அலமாரியைத் திறந்தால், குதிரை பின்புறமாக நெம்பி எழுந்து நிற்கிறது! அதன் அடியில் ஒரு தபால் அட்டையை நுழைக்கலாம். முன்பக்கத்தில் மட்டும் பசை பிடித்துக் கொண்டிருந்தது. பிளந்த இடத்தில் பலகையின் நார் வெள்ளை வெள்ளையாகக் கிழிந்து தெரிந்தது. ஒருத்தி அழுதேவிட்டாள். அவசர அவசரமாகக் கம்பிகளைத் தளர்த்தி, கிதாரை உறைக்குள் வைத்து மூடினோம்.

நான்கு நாள்கள் யாரிடமும் சொல்லவில்லை. பெரிய சிஸ்டர் சிற்றாலய வாசலில் எங்களைப் பார்த்து, "எப்படிப் போகிறது?" என்று கேட்டபோது, "போகிறது சிஸ்டர்" என்றோம். வார்த்தைக்கு வார்த்தை அது பொய்யன்று. ஆனாலும் அன்று மதியச் சாப்பாடு எங்களுக்கு இறங்கவில்லை.

எங்களில் ஒருத்தியின் தந்தை இங்குள்ள செராமிக் தொழிற்பேட்டையில் சூளை வேலை செய்கிறார். நம் விருத்தாசலத்தில் சூளைக்குச் சொந்தமில்லாத தெரு குறைவு. நெய்வேலி வெள்ளைக் களிமண் அகல் விளக்காகவும் பொம்மையாகவும் மின்சாதனப் பீங்கானாகவும் மாறுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். மகள் முகம் வாடியிருப்பதைக் கண்டு அவர் என்னவென்று கேட்க, அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவருக்குக் கிதாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் கேட்ட கேள்வி எங்களை உலுக்கிற்று. "அந்த மரம் எந்தக் கம்பிக்குச் செஞ்சதுன்னு பார்த்தீங்களா?"

பிறகு சூளை மொழியில் விளக்கினார். சுட்ட பொருளின் மேல் கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சு ஏறுகிறது. சூளை 1,200 டிகிரி அளவில் எரிந்து ஆறும்போது மண்ணும் சுருங்கும், பூச்சும் சுருங்கும். மண்ணைவிடப் பூச்சு அதிகமாகச் சுருங்கினால் அது இழுபட்டு இழுபட்டு, மயிரிழை போல வெடிப்பு விடும். "சூளையிலிருந்து எடுக்கையில நல்லாத்தான் இருக்கும். ராத்திரி தனியா உட்கார்ந்திருந்தா 'டிங்… டிங்'னு சத்தம் கேட்கும். சில சரக்கு நாலு நாள் கழிச்சுக்கூட வெடிக்கும். பூச்சு நல்ல பூச்சுதான், மண்ணும் நல்ல மண்ணுதான். ஒண்ணுக்கு ஒண்ணு ஒத்துக்கல, அவ்வளவுதான்." எங்கள் அலமாரிக்குள்ளும் அந்த இரவு அப்படி ஏதோ ஓசை கேட்டிருக்கும். கேட்கத்தான் யாரும் இல்லை.

அடுத்த நாள் நால்வரும் பெரிய சிஸ்டரின் அறை வாசலில் போய் நின்றோம். யார் முதலில் பேசுவது என்று முன்பே சீட்டுப் போட்டிருந்தோம். கிதாரை அவர் மடியில் வைத்து, நடந்ததைச் சொன்னோம். நான்கு நாள் மறைத்ததையும் சொன்னோம். அவர் குதிரையின் அடியில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. "இது நைலான் கிதார் என்று நானல்லவா சொல்லியிருக்க வேண்டும்? எனக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்று இருந்துவிட்டேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம்.

நாங்கள் ஏமாந்த இடம் அப்போதுதான் விளங்கிற்று. நைலான் செட்டில் மெல்லிய மூன்று கம்பிகள் மட்டுமே வெறும் நைலான். தடித்த மூன்றுக்கும் உள்ளே நைலான் இழைகளின் கற்றை இருக்கும். அதன்மேல் வெள்ளி முலாம் பூசிய செப்புக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். பார்வைக்கு உலோகம், உள்ளே நைலான். எங்களுக்கு வழிகாட்ட வேண்டிய மூன்றும் அறுந்து போக, ஏமாற்றக்கூடிய மூன்றும் மட்டும் எஞ்சியிருந்தன!

கம்பி இல்லாமலேயே கிதாரின் இனத்தை அறியலாம் என்று அவர் காட்டினார். தலைப்பகுதியில் நீளவாக்கில் இரண்டு சன்னல்கள் வெட்டி, உள்ளே வெண்ணிறத் தடித்த உருளைகள் இருந்தால் அது பெரும்பாலும் நைலானுக்குரியது. கழுத்து அகலம், எங்கள் கிதாரில் கம்பிகள் தொடங்குமிடத்தில் 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தது. குதிரையில் முளை இராது. கம்பியைத் துளையில் நுழைத்து அதன் மேலேயே வளைத்து முடிச்சிட வேண்டும். அந்த முடிச்சைத் தம் வீங்கிய விரல்களால் போட்டுக் காட்ட முயன்றார். முடியவில்லை. எங்களில் ஒருத்தியின் விரலைப் பிடித்து, அவள் விரலால் போட வைத்தார்.

இந்த நைலான் கம்பிக்கு வயது அதிகமில்லை. அதற்கு முன் ஆட்டுக் குடலைத் திரித்த நரம்புதான் கிதாருக்குக் கம்பி. தமிழில் யாழுக்குப் பூட்டியதை நரம்பு என்றே சொல்கிறோம் அல்லவா? 'நரம்பு' என்ற சொல்லிலேயே செய்தி அடங்கியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது குடல் நரம்பு கிடைப்பது அரிதாயிற்று. 1940-களில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர், ஸ்பெயின் நாட்டுக் கிதார் மேதை ஆந்த்ரேஸ் செகோவியாவின் துணையுடன் நைலானைக் கொண்டு கம்பி செய்து வெற்றி கண்டார். ஆக, 1818-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் முன்னிரவில், ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டோர்ஃப் ஊர்க் கோவிலில், உதவிப் பங்குத்தந்தை யோசேப் மோர் 'சைலன்ட் நைட்' பாடலுக்கு முதன்முதலாகக் கிதார் மீட்டியபோது, அதில் கட்டியிருந்த மெல்லிய கம்பிகளும் குடல் நரம்புகளே. உலகமே பாடும் அந்தப் பாட்டு, விரலுக்கு இதமான கம்பியில் பிறந்தது என்பதில் எங்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அந்தப் பாட்டையே விழாவில் தமிழில் பாடுவதென்று முடிவாயிற்று. ஆனால் குதிரை?

இயற்பியல் ஆசிரியையிடம் போனோம். மேல்நிலை வகுப்பு ஆய்வகத்தில் சுரமானி என்றொரு கருவி இருக்கிறது. பெட்டி மேல் ஒரு கம்பி, நுனியில் எடைக்கற்கள். அதைக் காட்டி அவர் சொன்ன விதிகளை 1636-இல் ஒரு நூலில் எழுதி வைத்தவர் மாரின் மெர்சென் என்ற பிரெஞ்சுக் குரு. மினிம் சபைத் துறவியாம்! அதே நீளக் கம்பியின் இழுவிசையை நான்கு மடங்காக்கினால்தான் சுருதி இரு மடங்காகும், அதாவது ஒரு ஸ்தாயி ஏறும். அதே சுருதியில், அதே உலோகத்தில், கம்பியின் தடிமன் இரு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்கு வேண்டும். இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தோம். முதல் கம்பியை 12-இலிருந்து 10-க்கு மாற்றினால் இழுவிசை ஏறக்குறைய 30 விழுக்காடு குறைகிறது. ஒன்றிரண்டு எண்தானே என்று நினைத்தோமே!

ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசையைப் பார்த்தால் தலை சுற்றும். சாதாரண நைலான் செட் ஏறத்தாழ 40 கிலோ எடை தொங்குவது போல இழுக்கிறது. எக்ஸ்ட்ரா லைட் உலோகச் செட் 60 கிலோ அளவு. லைட் 70-ஐத் தாண்டும். நாங்கள் மாட்டிய மீடியமோ 80 கிலோவுக்கும் மேல். 40 கிலோவுக்குச் செய்த மெல்லிய பலகையில் ஒன்றரைச் சிமெண்டு மூட்டைக்கு மேல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். ஓர் இரவு முழுவதும் அது பொறுத்ததே பெரிது.

குதிரையை ஒட்டித் தந்தவர் வயது முதிர்ந்த ஒரு தச்சர். பழைய பசையைச் சுரண்டி, கிழிந்த நாரைப் படிய வைத்து, வச்சிரம் காய்ச்சித் தடவி, இடுக்கி வைத்து இறுக்கினார். இரண்டு நாள் தொடக்கூடாது என்றார். கூலி கேட்டபோது, "பாட்டு நல்லா வரட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். உற்றுப் பார்த்தால் குதிரையின் பின்னோரத்தில் ஒரு கோடு இன்னும் தெரியும்.

நைலான் செட் கூரியரில் வந்து சேர்ந்தபோது விழாவுக்கு ஐந்து நாள்களே இருந்தன. இங்கே இன்னொரு பாடம் காத்திருந்தது. புது நைலான் கம்பி நாள்கணக்கில் நீண்டுகொண்டே போகும்! காலையில் சுருதி சேர்த்தால் இடைவேளையில் அரைச்சுரம் இறங்கியிருக்கும். முதல் மணி, இடைவேளை, மதிய உணவு, பள்ளி விட்டபின் என்று நாளுக்கு நான்கு வேளை முறை போட்டு முறுக்கினோம். திருமணியடித்ததும் செபம் சொல்வது போல, மணியடித்ததும் முறுக்காணி.

இதற்கிடையில் அண்ணனுடைய கிதாரையும் கவனித்தோம். நான்கு கார்டு தெரிந்தவள் அதற்கு மேல் ஏன் கற்கவில்லை என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. அவள் விரல் நுனிகளைக் காட்டினாள். கோடு கோடாகப் பதிந்து தோல் உரிந்திருந்தது. தனக்குக் கிதார் கைவராது என்று அவளாகவே முடிவு செய்து, யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடவிருந்தாளாம். அந்தக் கிதார் உண்மையில் உலோகக் கம்பிக்குச் செய்தது. ஆனால் அதில் பூட்டியிருந்தது அவள் அண்ணன் கைக்குப் பிடித்த தடித்த செட். 10-இல் தொடங்கும் எக்ஸ்ட்ரா லைட் வாங்கி மாட்டினோம். ஓசை சற்று மெலிந்ததென்னவோ உண்மை. உரக்க மீட்டினால் கம்பி மெட்டில் உரசிக் கொஞ்சம் இரைகிறது. ஆனால் இரண்டே வாரத்தில் அவள் ஐந்தாவது கார்டைப் பிடித்துவிட்டாள், ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்க வைக்கும் அந்தப் பொல்லாத எஃப் கார்டை! விரல் வலி அடியோடு போய்விடவில்லை, பொறுக்கும்படி ஆயிற்று.

உலோகக் கம்பியில் சுற்று எதனாலானது என்றும் உறையில் எழுதியிருக்கும். செம்பு 80, துத்தநாகம் 20 கலந்தது ஒரு வகை. பெயர் வெண்கலம் என்றிருந்தாலும் உண்மையில் அது பித்தளை. புதிதில் கணீரென்று ஒலிக்கும். பாஸ்பர் வெண்கலம் இன்னொரு வகை. செம்போடு வெள்ளீயமும் சிறிது பாஸ்பரசும் சேர்ந்தது, 1970-களில் வந்தது, ஓசை சற்றுக் கனிவாக இருக்கும். தொடக்கக்காரருக்கு இதில் எதை வாங்கினாலும் பெரிய நட்டமில்லை என்பது எங்கள் எண்ணம். தடிமனைப் பார்த்து வாங்கினால் போதும். நம் ஊர் வெயிலில் கை வியர்க்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியைத் துடைத்து வைத்தால் துருவும் கறுப்பும் தள்ளிப் போகும்.

விழாவன்று மாலை, குடில் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் போட்டு, இரு கிதார்களோடு அமர்ந்தோம். மூன்றாம் சரணம் வரும்போது நைலான் கிதாரின் மூன்றாம் கம்பி லேசாக இறங்கிவிட்டது. எங்களுக்குத் தெரிந்தது. பெற்றோருக்குத் தெரியவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரிய சிஸ்டருக்கு நிச்சயம் தெரிந்தது. அவருடைய இடது கை மடியில் தானாக ஒரு முறுக்காணியைத் திருகுவது போல அசைந்தது. கண்களை மூடியபடியே இருந்தார்.

இப்போது கிதார் உறையின் உட்புறத்தில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. அடுத்த ஆண்டு பாடற்குழுவுக்கு வரும் தங்கையர்க்காக நாங்கள் எழுதியது. 'இதற்கு நைலான் கம்பி மட்டுமே. தடித்த மூன்றும் வெள்ளியாக மின்னினாலும் நம்பாதீர்கள். குண்டு வைத்த கம்பி வேண்டாம். விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே மாட்டுங்கள்.' எழுதிப் பெரிய சிஸ்டரிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்; பிறகு பேனாவை எங்களில் ஒருத்தியின் கையில் கொடுத்து, கீழே இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார்: 'சந்தேகம் இருந்தால் மடத்துக் கதவைத் தட்டவும்.'